நான்கு நொடித் தாமதம்

புதன்கிழமை ஆட்டத்தில் எழுபத்தாறுக்கு எழுபத்தெட்டு என்று தோற்றோம். இரண்டே புள்ளி. மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்கிற அணி முதல் நிலை லீக்கில் நீடிக்கும். மற்றது கீழே இறங்கும். பட்டியலின் அடியில் கிடந்தவை இரண்டு அணிகள்: எங்கள் கெர்வேஸ், பக்கத்து மாவட்டத்து ஷெர்னாய். பதினொரு வருடமாக முதல் நிலையில் இருந்த நாங்கள் முதல் ஆட்டத்தைச் சொந்த அரங்கிலேயே தொலைத்துவிட்டு நின்றோம்.

அன்று அரங்கை விட்டு வெளியே வந்த ஆயிரத்து இருநூறு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் பேருந்து நிறுத்தத்தில்கூட கூடைப்பந்துதான் பேச்சு. அந்த ஊர் அப்படி மௌனமாக நடந்து போனதை நான் பார்த்ததில்லை.

அணியின் இணைய ஒளிபரப்பு என் பொறுப்பு. பகலில் நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் கணினி வலைப்பின்னல் வகுப்பு. ஆட்ட நாட்களில் மைதானத்தின் ஓரத்து நீண்ட மேசை. அந்த மேசை இரண்டு அணிகளின் பெஞ்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது. கடைசி நாற்காலி என்னுடையது. பக்கத்து நாற்காலியில் ஜீதா. இருபத்துநான்கு நொடிக் கடிகாரத்தை இயக்குகிறவர் அவர். பகலில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் இருப்பார். பொத்தானில் ஒரு விரல் இருக்கும்வரை அவர் வாயை யாராலும் அடக்க முடியாது.

இந்தப் பருவத்தில் லீக் எல்லாப் பயிற்சியாளர்களின் சட்டைக் காலரிலும் ஒரு சின்ன மைக்கை மாட்டச் சொல்லியிருந்தது. டைம்-அவுட் எடுத்தால் அந்த ஒரு நிமிடமும் பயிற்சியாளர் என்ன பேசுகிறாரோ அது அப்படியே இணையத்தில் போகும். ரசிகர்களுக்கு அது பெரிய விருந்து. அதிலும் எங்கள் பயிற்சியாளர் வித்மந்தாஸ் பேசுவதைக் கேட்கவே மற்ற ஊர்க்காரர்கள்கூட எங்கள் ஒளிபரப்புக்கு வருவார்கள். அவர் முதல் இருபத்தைந்து நொடிகள் திட்டுவார். பிறகு மூச்சு வாங்குவார். பிறகுதான் அடுத்த ஆட்ட உத்தியின் பெயரைச் சொல்லிப் பலகையில் வரைவார். உத்திகளுக்கெல்லாம் சாப்பாட்டுப் பெயர். "இவனுங்களுக்கு வேற எதுவும் ஞாபகம் இருக்காது" என்று ஒருமுறை பேட்டியில் சொன்னார். குகெலிஸ், அதாவது உருளைக்கிழங்கு அப்பம், என்றால் கேப்டன் அல்தாஸ் இடது மூலைக்கு ஓடி மூன்று புள்ளிக்கு எறிய வேண்டும். பீட்ரூட் சூப் என்றால் பந்து கூடைக்குக் கீழே நிற்கும் உயரமானவனுக்குப் போக வேண்டும். வெள்ளரி ஊறுகாய் என்றால் டெரல் நடுவில் புகுந்து தானே போட வேண்டும்.

டெரல் அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து வந்தவன். பந்தைக் கொண்டுபோகிறவன் அவன்தான். எங்கள் மொழியில் அவனுக்கு 'நன்றி', 'இன்னும் கொஞ்சம்' என்ற இரண்டு சொற்கள் தெரியும். அவனுடைய அம்மா அங்கிருந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்ப்பார். ஒளிபரப்பில் தானாக ஓடும் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளைப் படித்துவிட்டு ஒருநாள் கேட்டாராம்: "ஏன்டா, உங்க கோச் எந்நேரமும் உருளைக்கிழங்கு அப்பம், சூப்புன்னே கத்தறாரே, அங்க சாப்பாடு போடறாங்களா இல்லையா?"

என் பிழை பிப்ரவரியில் தொடங்கியது. அதைப் பிழை என்று அப்போது நான் நினைக்கவில்லை.

எங்கள் ஒளிபரப்பு, நடப்பதற்கு முப்பத்திரண்டு நொடிகள் பின்தங்கி ஓடியது. ஊரார் சலித்துக்கொண்டார்கள். கைப்பேசியில் புள்ளி முதலில் வந்துவிடுகிறது, படம் அப்புறம்தான் வருகிறது என்றார்கள். அரங்குக்கு எதிர்வீட்டுக்காரர், "கூட்டம் கத்தறது என் ஜன்னல்ல கேக்குது, அல்தாஸ் இன்னும் திரையில பந்தைத் தரையில தட்டிட்டு நிக்கறான். என்னத்தப் பாக்கறது?" என்று கடையில் என்னைப் பிடித்துக் கேட்டார். மாலை வகுப்பில் கற்றதைக் கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தேன். படத்தை வெட்டி அனுப்பும் துண்டுகளைச் சின்னதாக்கினேன், இடையில் இருந்த ஒரு சேவையகத்தை விலக்கினேன், ஒவ்வொரு மாற்றத்தையும் நான்கு முறை அளந்து எழுதிவைத்தேன். முப்பத்திரண்டு நான்காக இறங்கியது. லீக் அலுவலகத்திலிருந்து பாராட்டி மின்னஞ்சல் வந்தது. லீக்கிலேயே மிகக் குறைந்த தாமதம் எங்களுடையதுதானாம். அணியின் பக்கத்தில் என் படத்தைப் போட்டார்கள். ஒரு வாரம் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை ஷெர்னாய் அரங்கில் இரண்டாவது ஆட்டம். ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். ஊர் மறுபடி பேசத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை எங்கள் அரங்கில் கடைசி ஆட்டம், அதோடு எல்லாம் முடிவாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டங்களின் பதிவையும் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கு அது பழக்கம். ஒவ்வொரு டைம்-அவுட்டுக்குப் பிறகும் நாங்கள் என்ன செய்தோம் என்று அட்டவணை போட்டேன். புதன்கிழமை எங்கள் அரங்கில் ஐந்து டைம்-அவுட். அதற்குப் பின் கூடையில் விழுந்தது பூஜ்ஜியம். சனிக்கிழமை அவர்கள் அரங்கில் ஐந்து. விழுந்தது நான்கு.

சொந்த ஊரில் பூஜ்ஜியம், அசலூரில் நான்கு. தவறாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். அதேதான். சனிக்கிழமை ஆட்டத்தை இணையத்தில் காட்டியது அவர்களுடைய ஒளிபரப்பு; அதன் தாமதத்தை அளந்தேன். முப்பது நொடி.

பிறகு புதன்கிழமைப் பதிவை மெதுவாக ஓட்டி, எங்கள் பெஞ்சைப் பார்க்காமல் அவர்கள் பெஞ்சைப் பார்த்தேன். நாங்கள் டைம்-அவுட் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர்களுடைய உதவிப் பயிற்சியாளர் ஐமந்தாஸ் கூட்டத்திலிருந்து ஓர் அடி விலகி நிற்கிறான். வலது காதில் வெள்ளையாக ஏதோ ஒன்று. முப்பத்தைந்தாவது நொடி வாக்கில் தலையை ஆட்டுகிறான். தன் ஆட்களிடம் திரும்பி விரலால் ஓர் இடத்தைக் காட்டுகிறான். ஐந்து முறையும்.

முப்பத்திரண்டு நொடித் தாமதம் இருந்தவரை அவனுக்குத் திட்டு மட்டும்தான் கேட்டிருக்கும். உத்தியின் பெயர் வருவதற்குள் மணி அடித்திருக்கும். நான்கு நொடியில் எல்லாமே கேட்கிறது. அந்தக் காதுக்கு வழி போட்டுக் கொடுத்தவள் நான்.

திங்கள்கிழமை காலை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அரங்குக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஏழு வரிகளாகத் தாளில் எழுதி எடுத்துப்போனேன். ஏழாவது வரி, 'பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்பது. வித்மந்தாஸ் தன் சின்ன அறையில் பூண்டு தடவிய வறுத்த கறுப்பு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

"என்ன பொண்ணே, மைக் கெட்டுப்போச்சா?"

"இல்ல கோச். மைக் ரொம்ப நல்லா வேலை செய்யுது. அதான் பிரச்சினை."

ஆறு வரிகளையும் வாசித்தேன். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அட்டவணையை மேசையில் வைத்தேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு ஐமந்தாஸின் காதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. நான் ஏழாவது வரிக்குத் தயாரானேன்.

அவர் மேசையில் அறைந்தார். பிறகு சிரித்தார். நாற்காலி கிறீச்சிடும் அளவுக்குச் சிரித்தார்.

"அப்போ நான் கிழவன் ஆகல! என் உத்தி கெட்டுப்போகல! அஞ்சு நாளா தூங்காம, 'வித்மந்தாஸ், உன் மூளை புளிச்சுப்போச்சு'ன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒட்டுக் கேட்டிருக்கானா அந்தக் காதுக்காரன்!"

"கோச், இது தப்புன்னு லீக் விதியில எங்கயும் இல்ல. நான் தேடிப் பாத்தேன். இன்னைக்கே தாமதத்தைப் பழையபடி முப்பத்திரண்டு ஆக்கிடறேன்."

"தொட்டியானா கையை ஒடிப்பேன்."

"கோச்?"

"வழிய வந்து காதை நீட்டறான். சும்மா விடறதா? நாலு நொடியை மூணு ஆக்க முடியுமா? பாவம், அவன் எதுக்குக் காத்திருக்கணும்?" ரொட்டித் துண்டு ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "தின்னு. அந்தத் தாள்ல இன்னொரு வரி இருக்கே, அது என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

திட்டம் எளிமையானது. வாய் ஒன்று சொல்லும், பலகையில் கை வேறொன்றை வரையும். அணி வாயைக் கேட்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று மாலைப் பயிற்சியில் அணி வட்டமாக நின்றது. வித்மந்தாஸ் மார்க்கரைத் திறந்தார். "பீட்ரூட் சூப்!" என்று முழங்கினார். கை அழகாகப் பீட்ரூட் சூப்பை வரைந்தது. பலகையைப் பார்த்தார். துடைத்தார். "இப்போ பாருங்க. குகெலிஸ்!" கை இடது மூலைக்குப் போனது.

"கோச், அதுவும் குகெலிஸ்தான்" என்றான் அல்தாஸ்.

"தெரியுதுடா! முப்பது வருஷமா என் கை என் பேச்சைத்தான் கேட்டிருக்கு. என் பொண்டாட்டிகூட அவ்வளவு கேட்டதில்ல."

எங்கள் உதவிப் பயிற்சியாளரிடம் மார்க்கர் போனது. அவரும் வித்மந்தாஸ் சொல்லச் சொல்ல எழுதியே பழகியவர். சூப் என்றால் சூப்பைத்தான் வரைந்தார். அல்தாஸ் முயன்றான். கண்ணை மூடிக்கொண்டு வரைந்தான். அப்போதும் சூப். ஒருமுறை வாயும் கையும் எப்படியோ பிரிந்தன. ஆனால் ஆட ஓடியபோது உள்ளூர்க்காரர்கள் நாலு பேரும் வாய் சொன்ன இடத்துக்கும் டெரல் மட்டும் கை வரைந்த இடத்துக்கும் போனார்கள். டெரல் எறிந்த பந்து ஆளில்லாத மூலையில் சுவரில் மோதி உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

"எங்கடா போனீங்க எல்லாரும்?" என்று டெரல் கையை விரித்தான்.

அல்தாஸ் அவனிடம் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னான். "என் கால் காதைக் கேட்டுத்தான்டா நடக்குது. பன்னெண்டு வருஷப் பழக்கம். உனக்கு மட்டும் எப்படிக் குழம்பல?"

"எனக்கு எதுக்குக் குழப்பம்? அவர் பேசறது ஒண்ணும் எனக்குப் புரியாதே. மழை பெய்யற சத்தம் மாதிரி இருக்கும். நான் பலகையை மட்டும் பாத்துட்டுப் போயிடுவேன்."

நான் பந்தை எடுத்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தோன்றியதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. கூடைப்பந்து என் வேலை இல்லை, கம்பிகள்தான் என் வேலை. ஆனாலும் சொன்னேன். "கோச், அப்போ டெரலே வரையட்டுமே. நீங்க சொல்றது காதுல விழுந்தாலும் அவன் கைக்குப் போகாது."

அல்தாஸ் அதை டெரலுக்கு மொழிபெயர்த்தான். டெரல் மார்க்கரை வாங்கினான். வித்மந்தாஸ் அவன் காதருகே போய், "சூப்! சூப்! வெள்ளரிக்காய்! கழுதை!" என்று கத்தினார். டெரல் அமைதியாக, நிதானமாக, குகெலிஸை வரைந்து முடித்து அடியில் ஒரு சிரிப்பு முகமும் போட்டான்.

வித்மந்தாஸ் அந்தப் பலகையை வெகுநேரம் பார்த்தார். "அப்போ என்ன ஆடறதுன்னு முடிவு பண்றது இவன். நான் சும்மா பக்கத்துல உக்காந்து சமையல் குறிப்பு வாசிக்கணும்."

"ஒரே ஒரு ஆட்டம்தான் கோச்" என்றான் அல்தாஸ்.

"உனக்கென்னடா, சொல்லுவ." பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். மார்க்கரின் மூடியை டெரலின் கையில் வைத்து அழுத்தினார். "மூடியை மூடு. காஞ்சுபோயிடும். அது என்னோடது."

டெரலுக்குப் புரியவில்லை. "நன்றி" என்றான், எங்கள் மொழியில்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு லீவு சொன்னேன். அரங்கின் படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒளிபரப்பில் ஆறாயிரம் பேர். மைக்கை மூன்று முறை சோதித்தேன். காலரில் மாட்டும்போது வித்மந்தாஸ் குனிந்து கொடுத்து, "இன்னைக்கு நான் நடிகன். சத்தம் நல்லா வருதா?" என்றார். டைம்-அவுட் தொடங்கும்போது மைக்கைத் திறந்து, முடியும்போது மூடுவது என் வேலை.

முதல் டைம்-அவுட். பதினாறுக்கு இருபது என்று பின்தங்கியிருந்தோம். வித்மந்தாஸ் இருபத்தைந்து நொடி திட்டினார், மூச்சு வாங்கினார், "பீட்ரூட் சூப்! எல்லாம் உள்ள போகணும், உள்ள!" என்றார். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் டெரல் குந்தி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தான். ஐமந்தாஸ் காதில் கை வைத்தபடி தலையாட்டினான். ஷெர்னாய் ஆட்கள் ஐந்து பேரும் கூடைக்குக் கீழே சுவர்போல் நின்றார்கள். இடது மூலையில் அல்தாஸ் தனியாக நின்றான். பந்து வந்ததும், யாராவது வருவார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு எறிந்தான். மூன்று புள்ளி.

"அடிச்சான் பாரு! காபி குடிச்சிட்டு வந்துகூடப் போட்டிருக்கலாம்" என்றார் ஜீதா.

இரண்டாவதில் வாய் "குகெலிஸ்" என்றது. அவர்கள் இருவராக அல்தாஸை மூலையில் மூடினார்கள். டெரல் திறந்து கிடந்த நடுவழியில் புகுந்து போட்டுவிட்டு, கேமரா இருக்கும் மாடிப் பக்கம் தன் அம்மாவுக்குக் கையாட்டினான். மூன்றாவதில் வாய் "சூப்" என்றது, டெரலே மறுபடி நடுவில் புகுந்து போட்டான். ஐமந்தாஸ் காதிலிருந்ததை எடுத்துப் பார்த்தான், சட்டையில் துடைத்தான், மறுபடி மாட்டினான். ஷெர்னாய் பயிற்சியாளர் அவனைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மேசைக்கு எல்லாம் கேட்டது.

"என்னடா கேக்கற அதுல? பாட்டா?"

"சத்தியமா சூப்புன்னுதான் சொன்னாரு."

"அப்போ ஊறுகாய் எங்கேர்ந்து வந்தது?"

ஐமந்தாஸ் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான். நான்காவது டைம்-அவுட்டில் அவன் கேட்கவே இல்லை. அவர்கள் சாதாரணமாகத் தடுத்தார்கள், எங்களுக்கு விழவில்லை. மூன்றாம் பகுதியில் ஏழு புள்ளி முன்னால் போயிருந்தோம்; அது ஐந்தானது, இரண்டானது, பிறகு கரைந்தே போனது. கடைசியில் எழுபத்தெட்டுக்கு எழுபத்தொன்பது, நாங்கள் பின்னால். ஆறு நொடி மிச்சம். பந்து எங்களிடம். ஒரே ஒரு டைம்-அவுட் மிச்சம். வித்மந்தாஸ் அதைக் கேட்டார்.

மைக்கைத் திறந்தேன். என் வலப்பக்கம் ஷெர்னாய் பயிற்சியாளர் தன் ஆட்களைத் தலையோடு தலை முட்ட இழுத்துக்கொண்டார். ஐமந்தாஸ் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து மாட்டினான்.

"அந்தக் கிழவன் வாயில வர்றது எல்லாமே பொய்" என்றார் அவர்களுடைய பயிற்சியாளர். "அவன் எந்தப் பக்கம் சொல்றானோ அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுட்டு மத்த பக்கத்துல நில்லுங்க. புரியுதா? ஐமந்தாஸ், கவனமாக் கேளு."

மேசையில் இருப்பவர்கள் ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் சொல்லக் கூடாது. நான் விரல்களைப் பொத்தான் மேல் வைத்தபடி அசையாமல் இருந்தேன். ஜீதா மேசைக்கு அடியில் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தார்.

இடப்பக்கம் வித்மந்தாஸ் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சட்டை முழுக்க வியர்வை. கண்கள் கடிகாரத்தில் இருந்தன. பதினொரு வருடம் அந்த ஆறு நொடியில் தொங்கிக்கொண்டிருந்தது அவர் முகத்தில் தெரிந்தது. முப்பது நொடி போயிற்று. பிறகு அவர் அல்தாஸின் கழுத்தைக் கையால் வளைத்து, "குகெலிஸ்டா. அல்தாஸ், தங்கமே, குகெலிஸ்" என்றார்.

அது நடிப்பு இல்லை. அவர் மறந்துவிட்டார். பொய் சொல்ல வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்.

நான் பலகையைப் பார்த்தேன். டெரலுக்கு எதுவும் தெரியாது. அவன் தன் கணக்கில் இருந்தான். மார்க்கர் நடுவிலிருந்து கிளம்பி வளைந்து இடது மூலைக்குப் போய் ஒரு வட்டத்தில் நின்றது. வட்டத்துக்குள் அல்தாஸின் எண், ஒன்பது. வாயும் கையும் ஒரே உத்தி.

எல்லாம் போயிற்று, ஐமந்தாஸ் கேட்டுவிடுவான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வலப்பக்கம் ஐமந்தாஸ் நிமிர்ந்தான். "குகெலிஸ். இடது மூலை."

"அப்போ இடது மூலையை விடுங்க!" என்றார் அவர்களுடைய பயிற்சியாளர்.

இடது மூலையில் அவர்கள் யாரும் நிற்கப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்களோ பலகையைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது.

பந்து டெரலிடம் வந்தது. ஷெர்னாய் ஆட்கள் நடுவையும் வலப்பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அல்தாஸ் இடது மூலைக்கு ஓடினான். இத்தனை நேரம் தடுமாறிய ஓட்டம் இல்லை அது. கதவைத் திறந்துகொண்டு சொந்த வீட்டுக்குள் போகிறவனின் ஓட்டம். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய்கூட இல்லை. டெரல் எறிந்தான். அல்தாஸ் பிடித்தான், முழங்காலை மடக்கினான், எறிந்தான். பந்து மேலே இருக்கும்போதே சிவப்பு விளக்கு எரிந்தது. ஜீதா எழுந்து நின்றுவிட்டார். நானும் நின்றிருந்தேன் போல.

வலை மட்டும் அசைந்தது.

எண்பத்தொன்று, எழுபத்தொன்பது.

அதற்கப்புறம் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. படிகளில் இருந்தவர்கள் மைதானத்துக்குள் கொட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் வீட்டுச் செருப்போடு ஓடினார். அல்தாஸைத் தூக்கினார்கள், பிறகு டெரலை, பிறகு மறுபடி அல்தாஸை. "காதும் காலும் சேந்துடுச்சு! காதும் காலும் சேந்துடுச்சு!" என்று அவன் மேலிருந்து கத்திக்கொண்டிருந்தான். யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ஜீதா என்னை உலுக்கி, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "பைத்தியக்காரி, எதுக்குடி அழற?" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

மேசை முன்னால் யாரோ நின்றார்கள். ஐமந்தாஸ். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கருவி அவன் கையில் இருந்தது.

"நீதான் இந்த ஒளிபரப்பு பண்றவளா?"

"ஆமா."

"எத்தனை நொடி?"

"நாலு" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"நாலு!" மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். "நான் அஞ்சு, ஆறு இருக்கும்னு நெனச்சேன். எங்க ஊர்ல முப்பது. எங்க ஆளு ரெண்டு வருஷமா 'இதுக்கு மேல முடியாது'ன்னு சொல்லிட்டிருக்கான். எப்படிப் பண்ண?"

"எழுதித் தரட்டுமா? பதினாலு மாற்றம். வரிசை மாறினா வேலை செய்யாது."

"தா. கீழ் லீக்லயும் ஜனங்க பாக்கத்தான செய்வாங்க." கொஞ்சம் தயங்கினான். "கடைசில அவரு நிஜமாவே குகெலிஸ்னுதான் சொன்னாரா?"

"மறந்துட்டாரு."

அவன் என்னைப் பார்த்தான். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு முழு உடம்பாலும் சிரித்தான். அழுகையும் சிரிப்புமாக அவன் நிற்க, நான் என் மின்னஞ்சல் முகவரியை அவன் உள்ளங்கையில் எழுதினேன். தாள் எதுவும் கைக்கு அகப்படவில்லை.

"உன் திரையைப் பாரு" என்றான் போகும்போது. "மைக் இன்னும் திறந்திருக்கு."

பார்த்தேன். கடைசி டைம்-அவுட்டுக்குப் பிறகு நான் அதை மூடவே இல்லை. பதினோராயிரத்து நானூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எண் ஏறிக்கொண்டே இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் எங்கேயோ வித்மந்தாஸ் டெரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்கள் மொழியில் விம்மிக்கொண்டிருந்தார். தன் முப்பது வருட வாழ்க்கையில் பார்த்த பந்து கொண்டுபோகிறவர்களிலேயே இவன்தான் புத்திசாலி என்றும், ஒரு சொல்கூடப் புரியாத பயலுக்கு எல்லாம் புரிகிறது என்றும், நாளை தன் வீட்டில் வந்து சாப்பிட வேண்டும், மார்க்கரைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார். கீழே மொழிபெயர்ப்பு வரிகள் ஓடின. டெரலின் அம்மா கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார்: 'அவன் வருவான். மார்க்கரை மூடி வைத்தானா என்றும் கேளுங்கள்.'

பொத்தானில் விரல் வைத்தேன். வழக்கமாக ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மூடுகிறவள் நான். விரலை எடுத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, நானும் மைதானத்துக்குள் ஓடினேன்.